வீட்டுப் பிள்ளையை போலீஸ் பிடித்தால்: கைது முதல் தீர்ப்பு வரை என்ன செய்வது

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்தை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. அக்கா மகன் ஒரு கைகலப்பு வழக்கில் சிக்கியபோது லோக்கப், நீதிமன்றம், வங்கி, வக்கீல் அலுவலகம் என்று படியேறி இறங்கித்தான் இந்த நடைமுறை எங்களுக்குப் புரிந்தது. விசாரித்தால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அதில் பாதி தப்பு. உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு நிலை வந்தால் அலைச்சல் கொஞ்சமாவது குறையட்டும் என்று எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு வக்கீல் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். வக்கீல் வரும்வரை என்ன செய்வது, அவரிடம் எதையெல்லாம் கொண்டுபோவது என்பதற்குத்தான் இது.

பையன் தப்பு செய்தானா இல்லையா என்ற சண்டையை முதல் நாளே வீட்டுக்குள் ஆரம்பிக்காதீர்கள். செய்தவருக்கும் இந்த உரிமைகள் உண்டு, செய்யாதவருக்கும் உண்டு.

1. முதலில் கேட்க வேண்டியது: எந்த செக்‌ஷன்?

ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டால் "சண்டை கேஸ்", "திருட்டு கேஸ்" என்று பதில் வரும். அது போதாது. எந்தச் சட்டம், எந்த செக்‌ஷன் என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் ரிமாண்ட் (விசாரணைக்காகக் காவலில் வைப்பது), ஜாமீன் உண்டா, எந்த நீதிமன்றம், அதிகபட்சம் எவ்வளவு தண்டனை என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

அடிதடியையே எடுத்துக்கொள்வோம். தண்டனைச் சட்டத்தின் 323ஆவது செக்‌ஷன், வேண்டுமென்றே காயம் உண்டாக்குவது. அதற்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். அதே காயத்தைக் கத்தி, இரும்புக் கம்பி, அரிவாள் போன்ற ஆயுதத்தால் செய்ததாகச் சொன்னால் 324. அது 10 வருடம் வரை போகும், பிரம்படியும் உண்டு. எலும்பு முறிவு, பார்வை போவது போன்ற கடுமையான காயம் என்றால் 325, 7 வருடம் வரை. அந்தக் கடுமையான காயம் ஆயுதத்தால் என்றால் 326, 20 வருடம் வரை. ஒரே சண்டைதான். கையில் அரிவாள் இருந்ததா என்ற ஒரு கேள்வியில் ஒரு வருடம் பத்து வருடமாகிவிடுகிறது.

திருட்டுக்கு 379, 7 வருடம் வரை. வீடு அல்லது கட்டடத்துக்குள் திருடினால் 380, 10 வருடம் வரை. போதைப்பொருள் என்றால் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம். உட்கொண்டதற்கு 15(1)(அ): 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 வருடம் வரை சிறை. அபராதம் கட்டினால் முடிந்தது என்று நம்பி ஒத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. அதன் பிறகு 2 முதல் 3 வருடம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த நிபந்தனையை மீறினால் அதுவே புதுக் குற்றம். கடத்தல் என்றால் 39பி. 2023 ஜூலை முதல் மரண தண்டனை கட்டாயம் இல்லை. ஆனாலும் மரணம் அல்லது ஆயுள் சிறை என்ற நிலைதான்.

"நான் சும்மா பக்கத்தில் நின்றேன்" என்று சொல்பவர்கள் தண்டனைச் சட்டத்தின் 34ஆவது செக்‌ஷனைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்ததாக அரசுத் தரப்பு நிரூபித்தால், அடித்தவனுக்குள்ள பொறுப்பு உடன் இருந்தவனுக்கும் வரும். வெறுமனே அங்கே நின்றது மட்டும் அதற்குப் போதாது. ஆனால் அந்த வித்தியாசத்தை நீதிமன்றத்தில் வக்கீல்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முதல் நாள் சொல்லப்படும் செக்‌ஷன் விசாரணைக்கானது. குற்றம் சாட்டும்போது அது மாறலாம், கூடலாம், குறையலாம்.

2. முதல் 24 மணி நேரம்

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி மூன்று விஷயங்களை உறுதி செய்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். விருப்பமான வக்கீலைக் கலந்தாலோசிக்க விட வேண்டும். பயண நேரம் தவிர 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ செக்‌ஷன் இதை இன்னும் விளக்குகிறது: கேள்வி கேட்கும் முன்பே, தான் எங்கே இருக்கிறேன் என்று உறவினருக்கோ நண்பருக்கோ சொல்லவும், வக்கீலோடு பேசவும் உரிமை உண்டு என்று போலீஸ் அவரிடம் தெரிவிக்க வேண்டும். கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், ஆதாரம் அழிந்துவிடும் போன்ற காரணங்கள் இருந்தால் இதைத் தள்ளிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படித் தள்ளிவைத்தார்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து போலீஸ் நிலையத்துக்கு ஓடிப்போய் "இங்கே இல்லை" என்று கேட்டதும் உடைந்து போகாதீர்கள். பிடித்தது ஒரு நிலையமாக இருக்கும், லோக்கப் மாவட்டத் தலைமையகமான ஐபிடியில் இருக்கும். எந்த ஐபிடி, விசாரணை அதிகாரி யார், அவருடைய அலுவலக எண் என்ன, எத்தனை மணிக்குக் கைது. இவற்றை ஒரே நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டு தீர்ப்பு வரை கூடவே வரும்.

எடுத்துப்போக வேண்டியவை: அவருடைய அடையாள அட்டையின் நகல், தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால் கிளினிக் லேபல் கிழியாமல் அந்த உறையோடு, டாக்டர் கடிதம். இனிப்பு நீர், இழுப்பு, வலிப்பு உள்ளவர் என்றால் வாயால் சொல்வதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள். உடம்பில் காயம் இருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள்.

தோட்ட ஆபீஸுக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள், முடிந்தால் எழுத்தில். விடுப்பும் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை ஒப்பந்தத்தை முறித்ததாக எடுத்துக்கொள்ள வேலைச் சட்டம் இடம் தருகிறது. வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போகும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன.

"உள்ளே எனக்கு ஆள் தெரியும், ஒரு ஆயிரம் கொடுத்தால் இன்றே வெளியே வந்துவிடலாம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஊர்ப் பெரியவர் மாதிரியே பேசுவார். கொடுக்காதீர்கள். லஞ்சம் வாங்குபவர் போலவே கொடுப்பவரும் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி குற்றவாளி. தண்டனை 20 வருடம் வரை. ஒரு பிள்ளைக்காக இன்னொருவர் உள்ளே போக வேண்டாம்.

3. வாக்குமூலம்: கையெழுத்துக்கு முன்

சாட்சி என்று சொல்லித்தான் பலரைக் கூப்பிடுவார்கள். "நான் சாட்சியா, சந்தேக நபரா?" என்று கேட்பதில் தவறில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது செக்‌ஷன்படி வாக்குமூலம் எடுக்கும்போது உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தன்னையே குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். "நீதிமன்றத்தில் சொல்கிறேன்" என்பது மரியாதையான, சட்டம் அனுமதிக்கும் பதில். பொய் சொல்வது வேறு, பேசாமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாக்குமூலத்தை மலாயில் எழுதுவார்கள். கொடுத்தவர் பேசிய மொழியிலேயே அதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், திருத்தம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து. தமிழில் சொன்னவர் தமிழில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். "பரவாயில்லை, போட்டுவிட்டுச் சீக்கிரம் போகலாம்" என்ற அவசரம்தான் பின்னாளில் வக்கீலின் கையைக் கட்டிவிடுகிறது. வீட்டைச் சோதனை போட்டால் எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அதில் இல்லாத பொருள் பிறகு நீதிமன்றத்தில் வந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கும்.

4. ரிமாண்ட்: தானாக வருவது அல்ல

24 மணி நேரத்துக்குள் விசாரணை முடியவில்லை என்றால் போலீஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது செக்‌ஷன்படி மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் கேட்கும். 14 வருடத்துக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். மரண தண்டனை அல்லது 14 வருடமும் அதற்கு மேலும் உள்ள குற்றம் என்றால் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள். 324 என்றால் 4, 3. 326 என்றால் 7, 7. செக்‌ஷனைக் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

இவை உச்ச வரம்புகள். கேட்ட நாள்களை அப்படியே கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. பிடிபட்டவரோ அவருடைய வக்கீலோ பேச மாஜிஸ்திரேட் இடம் கொடுக்க வேண்டும் என்று அதே செக்‌ஷன் சொல்கிறது. வக்கீல் இல்லாவிட்டாலும் பையன் வாயைத் திறந்து சொல்லலாம்: நிலையான முகவரி இருக்கிறது, வேலை இருக்கிறது, வாக்குமூலம் எடுத்துவிட்டார்கள், போனையும் வாங்கிவிட்டார்கள், இன்னும் எதற்கு இத்தனை நாள்? காவலில் யாராவது அடித்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். காயத்தைக் காட்டி, குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். குடும்பம் தனியாக ஒரு போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கலாம். 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்திடமும், மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் புகார் செய்யலாம்.

ரிமாண்ட் முடிந்து வெளியே வரும்போதே வேறு மாவட்டப் போலீஸ் வேறு வழக்குக்காகப் பிடித்துக்கொண்டு போவதும் நடக்கிறது. தொடர் ரிமாண்ட் என்பார்கள். அப்படி நடந்தால் உடனே வக்கீலுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு புது ரிமாண்டிலும் எதிர்த்துப் பேச வாய்ப்பு உண்டு.

இந்தக் கணக்கு எல்லாச் சட்டத்துக்கும் பொருந்தாது. குண்டர் கும்பல் என்று சொல்லி, சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தால் 24 மணி நேரத்துக்குப் பிறகு 28 நாள் வரை மாஜிஸ்திரேட் இல்லாமலே வைத்திருக்கலாம். வக்கீலைப் பார்ப்பதையும் 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். பொக்கா என்னும் குற்றத் தடுப்புச் சட்டம் என்றால் 21 நாள், பிறகு 38 நாள். "சொஸ்மா" அல்லது "பொக்கா" என்ற சொல் காதில் விழுந்தால் அன்றே வக்கீலைப் பிடியுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பிடிபட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம். பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும், நன்னடத்தை அதிகாரி வீட்டைப் பற்றி அறிக்கை எழுதுவார், பெற்றோர் கட்டாயம் வர வேண்டும். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடும் சொந்தக்காரர்களையும் தடுத்துவையுங்கள்.

5. வக்கீல்: காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும்

காசு இல்லை என்று வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. ஒய்பிஜிகே என்னும் தேசிய சட்ட உதவி அறவாரியம், மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட், ஜாமீன், விசாரணை என்று குற்ற வழக்கின் எல்லாக் கட்டத்திலும் இலவச வக்கீல் தருகிறது. மரண தண்டனை வழக்குகள் அதில் சேராது. அவற்றுக்கு நீதிமன்றமே வக்கீல் நியமிக்கும். நீதிமன்றத்துக்குப் போன உடனே முகப்பில் (கவுண்டரில்) "ஒய்பிஜிகே வக்கீல் இன்று யார்?" என்று கேளுங்கள். பல நீதிமன்றங்களில் ரிமாண்ட் நேரத்துக்கு அவர்கள் வந்திருப்பார்கள். முழு நீதிமன்ற விசாரணைக்கு உதவி வேண்டுமென்றால் வருமானக் கணக்குப் பார்ப்பார்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற விவரம், குற்றச்சாட்டுத் தாளின் நகல் தயாராக இருக்கட்டும். இதைத் தவிர வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் உண்டு. பேராக்கில் ஈப்போவில் இருக்கிறது. அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் சிறு குற்றங்களுக்கும் சிறார் வழக்குகளுக்கும் உதவுகிறது.

காசு கொடுத்து வைப்பதாக இருந்தால் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் எதுவரைக்கும்: ரிமாண்டுக்கு மட்டுமா, ஜாமீன் வரைக்குமா, முழு விசாரணைக்குமா? ஒவ்வொரு தவணைக்கும் தனியாகக் கேட்பாரா? ரசீது யார் பெயரில்? வக்கீலின் பெயர் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீதிமன்ற வாசலில் நின்று ஆள் பிடிப்பவர் கையில் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். வக்கீலை நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

6. குற்றச்சாட்டு வாசிக்கும் நாள்

எல்லாத் தப்பும் இந்தச் சில நிமிடங்களில்தான் நடக்கிறது. அதனால் இதை மெதுவாகப் படியுங்கள்.

காலையில் நீதிமன்றம் நிரம்பி வழியும். பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டை வேகமாக வாசிப்பார். மலாய் புரியாவிட்டால் தமிழ் வேண்டும் என்று கேட்கலாம், அது உரிமை. வாசித்து முடித்ததும் "பஹாம்?" என்பார்கள். புரிந்ததா என்று கேட்கிறார்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பயத்தில் தலையாட்டக் கூடாது. அடுத்து ஒத்துக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா? "மெங்காக்கு சாலா" என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. "மிந்தா டிபிச்சாரா" என்றால் விசாரணை கோருவது.

முதல் நாள் லோக்கப்பில், வேனில், நீதிமன்ற நடையில் பையன் காதில் ஒரே வாக்கியம் விழுந்துகொண்டிருக்கும்: "ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்." எங்கள் வீட்டிலும் சிலர் அதையே சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை, அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். விசாரணை கேட்பது குற்றத்தை மறைப்பது ஆகாது. எனக்கு எதிராக என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிறகு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் சொன்னால் அப்போதும் ஒப்புக்கொள்ளலாம், தண்டனையில் குறைப்பும் கேட்கலாம். முதலில் ஒப்புக்கொண்டதைப் பின்னால் மாற்றுவது மிகவும் கடினம்.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான், பதிவில் ஏறும். வெளிநாட்டு வேலைக்குப் போக விஸ்மா புத்ரா என்னும் வெளியுறவு அமைச்சில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். பாதுகாவலர் வேலைக்கும் போலீஸ் பரிசோதனை உண்டு. 20 வயதுப் பையனுக்கு இது சின்ன விஷயமா?

குற்றச்சாட்டுத் தாளின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். அதில் தேதி, நேரம், இடம், பாதிக்கப்பட்டவர் பெயர், செக்‌ஷன் எல்லாம் சரியா என்று அன்றிரவே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

7. ஜாமீன்: பணத்தைவிட நேரம் முக்கியம்

சில குற்றங்களுக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் (நடைமுறைச் சட்டம் 387). சிலவற்றுக்கு நீதிபதி விரும்பினால் தரலாம் (388). மரணம், ஆயுள் சிறை உள்ள குற்றங்களுக்குப் பொதுவாகக் கிடையாது. 16 வயதுக்குக் கீழ், பெண், நோயாளி என்றால் கேட்டுப் பார்க்கலாம். 5 வருடத்துக்கு மேல் சிறை உள்ள போதைப்பொருள் குற்றங்களுக்கு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 41பி செக்‌ஷன் ஜாமீனை அடைத்துவிடுகிறது.

தொகையைக் குறைக்கக் கேட்கலாம். குடும்ப வருமானம், தம்பி தங்கைகள், நிலையான முகவரி, இதுவரை வழக்கு இல்லை என்பது எல்லாவற்றையும் அப்போதே சொல்ல வேண்டும். எங்களுக்கு 3,000 வெள்ளி, ஒரு நபர் ஜாமீன் என்று வந்தது.

ஜாமீன்தாரர் மலேசியராக இருக்க வேண்டும், அசல் அடையாள அட்டையும் நகல்களும் வேண்டும், அதே வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது. பெரும்பாலும் நீதிமன்றம் ஒரு கடிதம் தரும். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் சொல்லும் வங்கிக்குப் போய் ஜாமீன்தாரர் பெயரில் கணக்குத் திறந்து, பணத்தைப் போட்டு, சேமிப்புப் புத்தகத்தை நீதிமன்ற முகப்பில் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகுதான் விடுவிப்பு. இதில் வரிசைகள் பல. முகப்பு மூடுவதற்குள் முடியவில்லை என்றால் அன்றிரவே சிறை, எங்கள் பக்கம் தைப்பிங்கோ பத்து காஜாவோ. வெள்ளிக்கிழமை இன்னும் கவனம்: 12.15 முதல் 2.45 வரை அரசு முகப்புகள் இடைவேளையில் இருக்கும், வங்கியும் சீக்கிரம் வரிசையை நிறுத்திவிடும். அதனால் குற்றம் சாட்டும் தேதி தெரிந்த உடனே ஜாமீன்தாரரை முடிவு செய்து, அன்று காலை கூடவே கூட்டிப் போங்கள். வேலைக்குப் போய்விட்டு மதியம் வருகிறேன் என்பவர் வேண்டாம்.

ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன் வாங்கி ஜாமீன் கட்டாதீர்கள். வழக்கு மாதக்கணக்கில் போகும். வட்டி அதுவரை நிற்காது. சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது அவமானம் இல்லை, வழக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கக்கூடிய பணம் அது.

ஜாமீனில் வந்த பிறகு எல்லா சபுத்தானுக்கும் வர வேண்டும். வழக்கைக் கூப்பிட்டு அடுத்த தேதி கொடுக்கும் நாளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அஞ்சே நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அலட்சியமாக இருந்தால் வாரண்ட் வரும், ஜாமீன்தாரரின் பணம் பறிபோகும். உடம்பு சரியில்லை என்றால் அரசு மருத்துவமனை எம்சியோடு (மருத்துவ விடுப்புச் சான்று) வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரிடமோ சாட்சிகளிடமோ பேசப் போகாதீர்கள். அதுவே ஜாமீனை ரத்து செய்யக் காரணமாகலாம்.

8. எதிர்வாதம்: சொல்வதற்கு ஆதாரம் தேடுங்கள்

குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. நம் பக்கம் ஒரு நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் போதும். போதைப்பொருள் வழக்குகளில் மட்டும் சில அனுமானங்கள் நமக்கு எதிராக வரும். பை உன் கையில் இருந்தது என்றால் உள்ளே இருப்பது உனக்குத் தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்று நாம்தான் காட்ட வேண்டும். யாராவது "இதைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடு" என்றால் எந்தப் பிள்ளையும் கை நீட்டக் கூடாது. தன் வங்கிக் கார்டை வாடகைக்கு விடும் பிள்ளைகளும் அப்படித்தான் மோசடி வழக்கில் மாட்டுகிறார்கள்.

நான் அங்கே இல்லை என்பது எதிர்வாதமானால், விசாரணை தொடங்கும் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எங்கே இருந்தேன், யார் சாட்சி என்ற விவரத்தோடு. நடைமுறைச் சட்டத்தின் 402ஏ செக்‌ஷன். கடைசி நாளில் எழுந்து நின்று சொன்னால் எடுபடாது. என் அக்கா மகனோடு பிடிபட்ட இன்னொரு பையன் எண்ணெய் ஆலையில் இரவு வேலை பார்ப்பவன். அவனுடைய பஞ்ச் கார்டை அவன் அப்பா ஆலை ஆபீஸில் கேட்டு வாங்கி வந்தார். விளிம்பில் எண்ணெய்க் கறை, நீல மையில் மணி 6.52, பக்கத்தில் ஷிஃப்ட் மேற்பார்வையாளரின் சுருக்கக் கையெழுத்து. சண்டை நடந்த நேரத்தில் அவன் கொதிகலன் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவன் மீது குற்றம் சாட்டவே இல்லை. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குச் செக்ரோல் என்னும் வேலைநாள் பதிவேடு, பெரட்டுக் கணக்கு (காலையில் ஆள் எண்ணும் கணக்கு), பழம் நிறுத்த எடைச் சீட்டு எல்லாமே நேரத்துக்குச் சாட்சி. தோட்ட எழுத்தரான கிராணியிடம் நகல் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள்.

கடைகளின் சிசிடிவி சில நாளில் தானாக அழிந்து மேலே புதுப்பதிவு ஏறிவிடும். முதல் வாரத்திலேயே கடைக்காரரிடம் பேசுங்கள். தர மறுத்தால் வக்கீல் மூலம் விசாரணை அதிகாரிக்கு எழுதச் சொல்லுங்கள்.

தற்காப்பு என்பது தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள செக்‌ஷன்களில் இருக்கிறது. தன்னையோ பிறரையோ காக்கத் தேவையான அளவுக்குத்தான் அடிக்கலாம். விழுந்துவிட்டவனைத் திரும்ப மிதித்தால் தற்காப்பு போய்விடும். நம் பிள்ளைக்கும் அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, அவனும் ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். காயம் ஆறிய பிறகு சொன்னால் யார் நம்புவார்? குடித்திருந்தேன், ஞாபகமில்லை என்பது பெரும்பாலும் எதிர்வாதமே இல்லை.

விசாரணைக்கு முன் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ செக்‌ஷன்படி அரசுத் தரப்பு முதல் தகவல் ரிப்போர்ட்டையும், தான் காட்டப்போகும் ஆவணங்களையும், நமக்குச் சாதகமான விஷயங்கள் இருந்தால் அவற்றை எழுதியும் தர வேண்டும். முதல் ரிப்போர்ட்டை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அன்றைக்கு அவர்கள் ஆயுதம் என்று சொன்னார்களா? யார் பெயரைச் சொன்னார்கள்? எங்கள் வழக்கில் முதல் ரிப்போர்ட்டில் ஆயுதம் என்ற சொல்லே இல்லை.

9. டிபிபிக்கு மனு, அப்புறம் சமரசம்

முதல் ரிப்போர்ட்டில் ஆயுதம் இல்லாததை வைத்துத்தான் எங்கள் வக்கீல் டிபிபி என்னும் துணை அரசு வழக்கறிஞருக்கு எழுதினார். ரெப்ரசெந்தாசி என்பார்கள். குற்றச்சாட்டைக் கைவிடவோ குறைக்கவோ காரணங்களோடு கேட்கும் கடிதம் அது. முதல் ரிப்போர்ட், மருத்துவ அறிக்கை, பையனின் வயது, வேலை எல்லாவற்றையும் இணைத்தார். பதில் வர நாளாகும், நடுவில் தொந்தரவு செய்ய வேண்டாம். 324 என்று இருந்தது 323 ஆகத் திருத்தப்பட்டது. அதன் பிறகுதான் அவன் ஒப்புக்கொண்டான், அபராதத்தோடு முடிந்தது.

"ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றால் வழக்கு முடிந்துவிடும்" என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை. முடியாது. குற்றம் சாட்டுவதும் நிறுத்துவதும் அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது. 323 போன்ற சிறு குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்யச் சட்டம் வழி விடுகிறது, வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதி வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனதாரத் தோன்றினாலும் வக்கீல் மூலமாகவே செல்லுங்கள். கோயில் தலைவரை அழைத்துக்கொண்டு இரவில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றால் மிரட்டல் என்று இன்னொரு ரிப்போர்ட் வரும்.

10. விசாரணை

அரசுத் தரப்புச் சாட்சிகள் முதலில். அவர்கள் முடித்ததும் வழக்கு முதல்நிலையில் நிரூபணமாகியிருக்கிறதா என்று நீதிபதி சொல்வார். இல்லை என்றால் விடுதலை. ஆம் என்றால் தற்காத்துக்கொள்ள அழைப்பார்: சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்து பேசலாம், குற்றவாளிக் கூண்டிலிருந்தே பேசலாம், மௌனமாக இருக்கலாம். முதலாவதில் குறுக்கு விசாரணை உண்டு, எடையும் அதிகம். மௌனத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தண்டனைதான்.

11. தீர்ப்புக்குப் பின்

தண்டனை சொல்வதற்கு முன் இரக்கம் கோரிப் பேச வாய்ப்புக் கிடைக்கும். முதல் குற்றம், வயது, குடும்பச் சுமை, ரிமாண்டில் கழித்த நாள் எல்லாவற்றுக்கும் தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் கடிதமும் உதவும். 18 முதல் 21க்குள் இருப்பவர்களுக்குச் சமூக சேவை, முதல் குற்றத்துக்கு நன்னடத்தைப் பிணை (நடைமுறைச் சட்டம் 294) போன்ற வழிகளைக் கேட்கச் சொல்லுங்கள். கடுமையான குற்றங்களுக்கு இவை இல்லை.

மேல்முறையீட்டு நோட்டீஸ் 14 நாளுக்குள். வீட்டில் அழுது தேறுவதற்குள் அந்த நாள்கள் ஓடிவிடும், எனவே தீர்ப்பன்றே வக்கீலிடம் பேசிவிடுங்கள். தண்டனையை நிறுத்திவைக்கவும் அப்போதே கேட்கலாம்.

விடுவிக்கப்பட்டால் எந்த வகை என்று கேளுங்கள். "டிலெபாஸ் டான் டிபெபாஸ்" என்றால் முழு விடுதலை. "டிலெபாஸ் தன்பா டிபெபாஸ்" என்றால் இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள், அதே குற்றச்சாட்டு திரும்ப வரலாம். எந்த வகையானாலும் உத்தரவின் சான்றளித்த நகலை வாங்கி வையுங்கள். ஜாமீன் பணம் தானாக வீடு தேடி வராது. ஜாமீன்தாரர் ரசீதோடும் அடையாள அட்டையோடும் நீதிமன்ற முகப்பில் எழுதிக் கொடுத்துச் சேமிப்புப் புத்தகத்தைத் திரும்ப வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்திருந்தால் அதையும், போலீஸ் எடுத்த போனையும் அதே வாரத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.